படத்தைத் திறக்கும் முன்பே போனுக்குள் வருகிறவன்: மீடியா கோப்புகள் வழியாக நடக்கும் தாக்குதலும் தற்காப்பும், முழுமையான வழிகாட்டி

சின்னம்மாவிடமிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு செய்தி வரும். ‘மார்ட்டினெல்லி என்று ஒரு வீடியோ வரப்போகிறதாம், திறந்தால் போன் முழுக்கப் போய்விடுமாம், எல்லாருக்கும் அனுப்பு.’ 2017இலிருந்து உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் புரளி அது. அப்படி ஒரு வீடியோ இல்லை. ஆனாலும் ‘வீடியோவால் போனுக்கு ஒன்றும் ஆகாது, சும்மா இருங்கோ சின்னம்மா’ என்று நான் பதில் போடுவதில்லை, ஏனென்றால் அது இன்னும் பெரிய பொய். ஒரு படம், ஒரு வீடியோ, ஒரு பாட்டு, ஏன், படத்துக்குக் கீழே ஓடும் சப்டைட்டில்கூட போனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. அதுவும் சில தடவை, போன்காரர் எதையுமே தொடாமல்.

நான் திருகோணமலையில் என்.சி. வீதிப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கிண்ணியாவிலிருந்து கலியாண வீட்டு வீடியோ வரும், மூதூரிலிருந்து பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படங்கள் வரும், கனடாவில் இருக்கும் மகன் அனுப்பின மரண அறிவித்தலை அச்சடிக்க யாராவது போனை நீட்டுவார்கள், உப்புவெளியில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் கோட்டை வாசல் மானோடு எடுத்த படத்தைக் கேட்பார். ‘தெரியாதவர் தரும் கோப்பைத் திறக்காதே’ என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். தெரியாதவர் தரும் கோப்பைத் திறப்பதுதான் எனக்குத் தொழில். ஆகவே இது, திறந்தே ஆகவேண்டியவர்களுக்கான வழிகாட்டி. கலியாணக் குழு, கோயில் குழு, பழைய மாணவர் குழு என்று பதினைந்து வட்ஸ்அப் குழுவில் இருக்கிறவரும் அந்த வகைதான்.

உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது

இதை விளங்காமல் செட்டிங்ஸை மாத்திப் பிரயோசனமில்லை, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

படக்கோப்பு என்பது படம் இல்லை, படத்தை எப்படி வரைய வேண்டும் என்ற குறிப்பு. அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, நிறங்கள் இப்படிச் சுருக்கப்பட்டிருக்கின்றன என்று அதில் எழுதியிருக்கும். போனில் இருக்கும் மென்பொருள் அந்தக் குறிப்பை நம்பி நினைவகத்தில் இடம் ஒதுக்கி, படத்தை விரித்து அதில் ஊற்றும். கலியாண வீட்டுக்கு நூறு பேர் வருவோம் என்று சொல்லிவிட்டு முந்நூறு பேர் வந்து இறங்கினால் என்ன ஆகும்? பந்தல் நிரம்பி, பக்கத்து வீட்டு விறாந்தையில் ஏறி, கடைசியில் அடுப்படிக்குள்ளும் நுழைவார்கள். நினைவகத்திலும் அதுதான். பக்கத்து இடத்தில் மென்பொருள் அடுத்துச் செய்யவேண்டிய வேலைக்கான தகவல் இருக்கும், அதன்மேல் தாக்குகிறவர் தன் தகவலை எழுதிவிடுவார், அதன்பிறகு மென்பொருள் அவர் சொன்னதைச் செய்யும்.

எண்ணில் ஒரு உதாரணம். அகலம் 65,536, உயரம் 16,384, ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று ஒரு கோப்பு சொல்கிறது. பெருக்கினால் 4,294,967,296. ஆனால் 32 பிட் எண்ணுக்குள் அடங்கும் ஆகப்பெரிய தொகை அதைவிட ஒன்று குறைவு. கவனமில்லாமல் எழுதிய மென்பொருளுக்கு விடை பூச்சியம் என்று வரும், பூச்சியத்துக்கு இடம் ஒதுக்கும், பிறகு படத்தை ஊற்றத் தொடங்கும். 2015 ஜூலையில் வெளியான, அன்ட்ரொயிட்டின் மீடியா வாசிக்கும் பகுதியில் இருந்த ஸ்டேஜ்ஃப்ரைட் பிழைகளில் பல இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிம்பீரியம் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஜோஷுவா டிரேக் கண்டுபிடித்தவை, அன்ட்ரொயிட் 2.2 முதல் எல்லாவற்றையும் பாதித்தவை. 95 கோடிக் கருவிகள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. உங்கள் தொலைபேசி எண் தெரிந்தால் போதும், ஒரு எம்எம்எஸ் அனுப்பலாம், நீங்கள் பார்ப்பதற்கு முன்பே போன் அதை வாசித்து முடித்திருக்கும். அந்த அடிக்குப் பிறகுதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் விடத் தொடங்கியது.

‘பார்ப்பதற்கு முன்பே’ என்பதுதான் இதில் முக்கியம். நீங்கள் படத்தைத் தொட்டுத் திறப்பது கடைசியில் நடக்கும் காரியம். அதற்கு முன்பே செய்திச் செயலி சின்னப் படம் செய்துவிடும், கலரி பட்டியல் போட்டுவிடும், கொம்பியூட்டரில் கோப்புறையைத் திறந்தவுடன் விண்டோஸ் முன்னோட்டம் காட்டிவிடும். இதில் ஒவ்வொன்றும் ஒரு வாசிப்பு.

பெரிய நிறுவனங்களுக்கு இது நடக்காது என்று நினைக்காதீர்கள். 2021 செப்டம்பரில் அப்பிள் அடைத்த ஃபோர்ஸ்ட் என்ட்ரி என்ற ஓட்டையில், வந்த கோப்பின் பெயர் ஜிஃப் என்று முடிந்தது, உள்ளே இருந்தது பிடிஎஃப், அதற்குள் ஃபக்ஸ் காலத்துப் பழைய சுருக்கும் முறை ஒன்று. அந்தச் சுருக்கும் முறையின் கட்டளைகளில் எழுபதாயிரத்துக்கு மேல் அடுக்கி, போனுக்குள்ளேயே ஒரு குட்டிக் கொம்பியூட்டரைக் கட்டியிருந்தார்கள். கெட்ட வேலைதான், ஆனால் கெட்டித்தனத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற வகைப் படங்களை விரிக்கும் நூலகத்தில் (பல செயலிகள் பொதுவாகப் பாவிக்கும் மென்பொருள் துண்டு) வந்த பிழை, பிழைகளுக்குக் கொடுக்கும் பொது இலக்கத்தில் சிவிஇ-2023-4863, வேறு விதத்தில் மோசம். குரோம், ஃபயர்ஃபொக்ஸ், இன்னும் எத்தனையோ செயலிகள் அதே நூலகத்தைத் தங்களுக்குள் வைத்திருந்தன, ஆகவே ஒன்றை அப்டேட் செய்தால் மற்றது சரியாகாது.

முதல் வேலை: போனின் தேதியைப் பாருங்கள்

வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றால் இதை மட்டும் செய்யுங்கள். அன்ட்ரொயிட் போனில் செட்டிங்ஸ் போய், போனைப் பற்றிய பகுதிக்குள் ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்று ஒரு தேதி இருக்கும். சில போனில் ‘செக்யூரிட்டி அண்ட் பிரைவசி’க்குள் இருக்கும். அன்ட்ரொயிட் 14, 15 என்ற எண்ணை நம்பாதீர்கள், தேதிதான் கணக்கு. அதோடு ‘கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்’ என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் தட்டுங்கள். அன்ட்ரொயிட் 10க்குப் பிறகு மீடியாவை வாசிக்கும் பகுதிகளில் சில அந்த வழியாகத்தான் திருத்தப்படுகின்றன, பல பேர் அதைத் தொட்டதே இல்லை.

தேதி போன மாதமோ அதற்கு முந்தினதோ என்றால் நல்லது. ஆறு மாதம் பழையது என்றால் இன்றைக்கே வைஃபையில் போட்டு அப்டேட் தேடுங்கள். இரண்டு வருடம் பழையது, புதிதாக ஒன்றும் வரவில்லை என்றால் கம்பனி அந்தப் போனைக் கைவிட்டுவிட்டது என்று பொருள். அந்தப் போனில் வங்கிச் செயலி வைத்திருக்காதீர்கள். பிள்ளை பாட்டுக் கேட்கக் கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

செகண்ட் ஹாண்ட் போன் வாங்க என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் முதலில் கமெரா எத்தனை மெகாபிக்சல் என்றுதான் கேட்பார்கள். நான் அப்டேட் எத்தனை வருடத்துக்கு என்று கேட்பேன். பிக்சல் 8க்கும் கலக்ஸி எஸ்24க்கும் ஏழு வருடம் என்று அந்தந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. விலை குறைந்த மொடல்களுக்கு இது மிகக் குறைவாக இருக்கும், வாங்குமுன் அந்த மொடலின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

இந்தத் தேதி ஏன் அவ்வளவு பெரிய விடயம்? சம்சுங் போன்களில் படம் விரிக்கும் நூலகத்தில் இருந்த ஒரு பிழை, சிவிஇ-2025-21042, 2025 ஏப்ரல் அப்டேட்டில் அடைக்கப்பட்டது. அதற்கு முன்பே அதைப் பயன்படுத்தி லாண்ட்ஃபோல் என்ற உளவு மென்பொருளை டிஎன்ஜி வகைப் படங்களுக்குள் வைத்து மத்திய கிழக்கில் சிலருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று, பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 பிரிவு நவம்பரில் வெளியிட்டது. கோப்பின் பெயர் சாதாரண வட்ஸ்அப் படத்தின் பெயரைப் போலவே இருந்தது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க அதில் ஒன்றுமில்லை. ஏப்ரல் அப்டேட் ஏறின போனுக்கு அந்தப் படம் வெறும் படம்.

ஐபோன்காரருக்கு இது சுகம்: ஜெனரல், சொப்ட்வெயார் அப்டேட், ஒட்டோமட்டிக். ‘ஸ்டோரேஜ் இல்லை’ என்று ஆறு மாதமாகத் தள்ளிப்போடுகிறவர்கள் என் கடைக்கு நிறைய வருகிறார்கள், அவர்களுக்கு மட்டும் சுகமில்லை.

வட்ஸ்அப்பில் மாத்தவேண்டியவை

முதலில் வட்ஸ்அப்பையே அப்டேட் செய்யுங்கள். 2019இல் மட்டும் ஒரு ஜிஃப் பிழையும் ஒரு எம்பி4 பிழையும் அதில் அடைக்கப்பட்டன. பிளே ஸ்டோரில் இல்லாமல் யாரோ அனுப்பின ‘கலர் வட்ஸ்அப்’ வகையைப் பாவிக்கிறீர்கள் என்றால், அதை எடுத்துவிட்டு உண்மையானதைப் போடும்வரைக்கும் இந்த வழிகாட்டியில் மிச்சம் ஒன்றும் உங்களுக்குப் பயன்படாது.

அப்புறம் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் மீடியா ஒட்டோ டவுன்லோட். மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். வேண்டிய படத்தைத் தொட்டால் இறங்கும், வேண்டாதது வெளியே நிற்கும். இதுவே முழுப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன், மங்கலான சின்னப் படம் எப்படியும் வரும். ஆனால் போனுக்குள் வாசிக்கப்படும் கோப்புகளின் எண்ணிக்கை நன்றாகக் குறையும். ரீலோட் காசும் மிஞ்சும். சின்னம்மாவை நான் சம்மதிக்க வைத்தது பாதுகாப்பைச் சொல்லி இல்லை, டேட்டாவைச் சொல்லித்தான்.

பிரைவசிக்குள் ‘குரூப்ஸ்’ என்ற இடத்தில், உங்களைக் குழுவில் சேர்க்க உங்கள் தொடர்புகளில் உள்ளவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து கோப்பு வர ஆக இலகுவான வழி, உங்களை ஒரு புதுக் குழுவுக்குள் இழுத்துப் போடுவது. ‘மீடியா விசிபிலிட்டி’யையும் அணைத்துவிட்டால் குழுவில் வருவது கலரிக்குள் போய் உட்காராது.

சாதாரண எஸ்எம்எஸ் செயலியை யாரும் நினைப்பதில்லை. அதன் செட்டிங்ஸில் எம்எம்எஸ் தானாக இறங்கும் தெரிவு இருக்கும், அணையுங்கள். கடைசியாக எம்எம்எஸ் அனுப்பியது எப்போது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

படம் மாதிரி நடிக்கிற கோப்பு

மேலே சொன்னதெல்லாம் உண்மையான படத்துக்குள் ஒளிந்து வருவது. அதைச் செய்யப் பெரிய செலவும் அறிவும் வேண்டும். நமக்கு நாளாந்தம் வரக்கூடியது அதைவிட மலிவான சரக்கு: படமே இல்லாத கோப்பு, படம் என்று வேசம் போட்டு வரும்.

கலியாண அழைப்பிதழ் என்று வட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும், பெயரின் முடிவைப் பார்த்தால் ஏபிகே. 2024இல் இந்தியாவில் இதைப் பற்றிப் பொலிஸே எச்சரித்தது. ஏபிகே என்றால் அட்டை இல்லை, செயலி. நிறுவினால் எஸ்எம்எஸ் வாசிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் வங்கி அனுப்பும் ஓடிபி அந்தக் கோப்பை அனுப்பினவனுக்குப் போகும். எந்தக் கலியாண வீட்டுக்கும் செயலி நிறுவிக்கொண்டு போகத் தேவையில்லை. போனில் ‘இன்ஸ்டோல் அன்னோன் அப்ஸ்’ என்று தேடி, வட்ஸ்அப், குரோம், கோப்பு மனேஜர் எல்லாவற்றுக்கும் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள்.

கொம்பியூட்டரில் விண்டோஸ் கோப்பின் வால் பெயரை மறைத்து வைத்திருக்கும். ‘படம்.ஜேபிஜி.இஎக்ஸ்இ’ என்பது ‘படம்.ஜேபிஜி’ என்று மட்டும் தெரியும். எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இயக்குங்கள். இதையும் ஏமாற்ற ஒரு தந்திரம் இருக்கிறது: அரபு, ஹீப்ரு எழுத்துகளுக்காக வலமிருந்து இடமாகத் திருப்பும் கண்ணுக்குத் தெரியாத குறியைப் பெயருக்கு நடுவில் வைத்தால், வால் நடுவுக்குப் போய் கோப்பு ஜேபிஜி என்று முடிவது போலக் காட்டும். ஆகவே பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ‘டைப்’ நிரலையும் பாருங்கள், ‘அப்ளிகேஷன்’ என்று இருந்தால் தொடாதீர்கள். விண்டோஸுக்கான வட்ஸ்அப்பிலேயே, படம் என்று காட்டிவிட்டு வேறு வகைக் கோப்பாகத் திறக்கும் பிழை ஒன்று இருந்தது, 2.2450.6 பதிப்பில் அடைத்தார்கள், அதைப் பற்றி 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

கொம்பியூட்டர்

ஆகக் கவனமில்லாமல் கிடப்பது, ஸிப் மாதிரிச் சுருக்கிக் கட்டின கோப்புகளை விரிக்கும் வின்ரார். அது தன்னைத்தானே அப்டேட் செய்யாது. 2023 ஓகஸ்டில் 6.23 பதிப்பில் அடைத்த ஓட்டையைக் கேளுங்கள்: ஸிப்புக்குள் ஒரு படம், அதே பெயரில் ஒரு கோப்புறை, கோப்புறைக்குள் ஒரு ஸ்கிரிப்ட். நீங்கள் படத்தைத்தான் அமத்துவீர்கள், ஓடுவது ஸ்கிரிப்ட். 2025இல் இன்னொன்று வந்து 7.13இல் அடைத்தார்கள். பல கடைகளில் 5ஆம் எண்ணில் தொடங்கும் பதிப்பு இன்னும் ஓடுகிறது. ஹெல்ப், அபவுட் போய் எண்ணைப் பாருங்கள், பழசென்றால் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள்.

வீடியோ பார்க்க விஎல்சி நல்லது, புதிதாக இருந்தால். 2017 மே மாதத்தில் செக் பொயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்து ஆட்கள் வெறும் சப்டைட்டில் கோப்பை வைத்து விஎல்சி, கோடி, பொப்கோர்ன் டைம், ஸ்ட்ரீமியோ என்ற நாலு வீடியோ செயலிகளையும் கைப்பற்றிக் காட்டினார்கள். தமிழ் சப்டைட்டில் தேடி எங்கெங்கோ போகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

குரோம் தானாக அப்டேட் இறக்கும், ஆனால் மூடித் திறக்கும்வரை பழையதுதான் ஓடும். நாற்பது டப் திறந்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் லப்டொப்பை மூடி மூடி வைக்கிறவர்களைத்தான் சொல்கிறேன். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, நீட்டிப்பில் சேராத கொம்பியூட்டரில் வெளியார் கோப்பைத் திறக்காதீர்கள்.

ஐபோனோடு வரும் வெள்ளைக்காரர் விடயம் தனி. அவர்களின் படம் ஹெச்இஐசி வகை, விண்டோஸில் சில நேரம் திறக்காது. உடனே பல பேர், அந்த வகையை விரிக்கும் கோடெக் என்ற துணை மென்பொருளுக்காகக் கூகுளில் ‘கோடெக் ஃப்ரீ டவுன்லோட்’ என்று தேடி முதலில் வருவதை நிறுவுவார்கள். அந்த ஒரு நிறுவலில் போகும் கொம்பியூட்டர், விஷப் படத்தால் போவதைவிட அதிகம் என்பது என் அபிப்பிராயம். மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் ஹெச்இஐஎஃப் நீட்டிப்பு இலவசம், அதோடு வேண்டிய ஹெச்இவிசி நீட்டிப்புக்குச் சின்னத் தொகை கேட்பார்கள், அங்கிருந்தே எடுங்கள். ஸ்டோரை முடக்கி வைத்தும் விடாதீர்கள், 2020இல் அந்தக் கோடெக்குகளில் இருந்த இரண்டு பிழைகளுக்கான திருத்தம் விண்டோஸ் அப்டேட்டில் வரவில்லை, ஸ்டோர் வழியாகத்தான் வந்தது. இல்லையென்றால் ஐபோனின் போட்டோஸ் செட்டிங்ஸில், கொம்பியூட்டருக்கு மாற்றுவதை ‘ஒட்டோமட்டிக்’ என்று வைத்தால் ஜேபிஜியாகவே வந்துவிடும்.

அடுத்தவரின் பென் டிரைவ்

இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். கலியாண சீசன், ஒரு வாடிக்கையாளரின் பென் டிரைவில் கோப்புறைகள் வரிசையாக இருந்தன, அவசரத்தில் ஒன்றை இரண்டு தட்டுத் தட்டினேன். அது கோப்புறை இல்லை, கோப்புறைப் படம் போட்ட ஷோர்ட்கட். உண்மையான கோப்புறைகள் ஒளிக்கப்பட்டிருந்தன. மூலையில் இருந்த சின்ன அம்புக்குறி அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. அந்தக் கொம்பியூட்டரில்தான் மூன்று கலியாணத்தின் எடிட்டிங் இருந்தது. இரண்டு நாள் போனது, ஒரு பொம்பிளை வீட்டாருக்கு அல்பம் பிந்தியது, ஏச்சு வாங்கினேன்.

அதற்குப் பிறகு கடையில் இப்படி வைத்திருக்கிறேன். வெளியார் பென் டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் ஒரு பழைய லப்டொப், அதில் விண்டோஸ் இல்லை, உபுண்டு என்ற இலவச இயங்குதளம் மட்டும், அதையும் வாராவாரம் அப்டேட் செய்கிறேன். ஈமெயில் இல்லை, வங்கி இல்லை, கடை நெட்வொர்க்கில் சேர்வதும் இல்லை. படங்களையும் வீடியோக்களையும் அங்கேயே புதிதாக மாற்றி எழுதி, மாற்றியதை மட்டும் எடிட்டிங் கொம்பியூட்டருக்குக் கொண்டுபோவேன். மாற்றி எழுதும்போது கோப்பின் எலும்புக்கூடே புதிதாகக் கட்டப்படுகிறது, உள்ளே நுணுக்கமாக ஒளித்து வைத்தது பெரும்பாலும் உடைந்துபோகும். வீடியோவில் தரம் கொஞ்சம் குறையும், அதிக பிட்ரேட்டில் எழுதினால் அல்பத்துக்கும் டிவிக்கும் தெரியாது.

ஒன்றை மறக்கவேண்டாம்: மாற்றுகிற மென்பொருளும் கோப்பை வாசிக்கத்தான் வேண்டும். வீடியோ மாற்றும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் கூகுள் ஆட்கள் இரண்டு வருடம் கோளாறான கோப்புகளைக் கொட்டிச் சோதித்ததில் ஆயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள் செய்யவேண்டி வந்தது என்று 2014 ஜனவரியில் எழுதினார்கள். அதனால்தான் மாற்றும் வேலை தனி லப்டொப்பில். அடிபட்டால் அது அடிபடட்டும், துடைத்துவிட்டு அரை மணித்தியாலத்தில் திரும்ப நிறுவலாம்.

இரண்டாவது கொம்பியூட்டருக்கு வசதியில்லை என்றால், விண்டோஸில் அட்மின் இல்லாத ஒரு கணக்கை வெளியார் கோப்புக்கென்று வையுங்கள், ஒட்டோபிளேயை அணையுங்கள், ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் ‘எப்போதும் ஐகன், தம்ப்நெயில் வேண்டாம்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். பார்க்க வடிவில்லைத்தான், ஆனால் கோப்புறையைத் திறந்தவுடன் ஐந்நூறு படங்களும் தானாக வாசிக்கப்படுவது நிற்கும்.

பழைய மாணவர் சங்கம், கோயில் என்று தளம் நடத்தி, ஆட்கள் படம் ஏற்ற விடுகிறவர்களுக்கு ஒரு வரி: 2016இல், தளங்களில் படங்களை மாற்றும் மென்பொருளான இமேஜ்மஜிக்கில் வந்த இமேஜ்ட்ரஜிக் பிழையில், ஏற்றிய ‘படம்’ சேர்வரிலேயே கட்டளை ஓட்டியது. வேண்டிய இரண்டு மூன்று வகையைத் தவிர மற்ற எல்லாக் கோப்பு வகைகளையும் அதன் பொலிசிக் கோப்பில் மூடுங்கள்.

குறிவைக்கப்படக்கூடியவர் என்றால்

பத்திரிகையாளர், காணி விடயங்களில் வேலை செய்கிறவர், காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்களோடு நிற்கிறவர், இவர்களுக்கு மேலே சொன்னது போதாது. தொடாமலே போனுக்குள் வரும் விலைகூடிய கருவிகள் இப்படியானவர்கள் மேல்தான் பாவிக்கப்பட்டிருக்கின்றன. ஐபோனில் ‘லொக்டவுன் மோட்’ ஐஓஎஸ் 16 முதல் இருக்கிறது, செய்தியில் வரும் இணைப்பு வகைகளில் பலவற்றைத் தடுத்துவிடும். அன்ட்ரொயிட் 16இல் ‘அட்வான்ஸ்ட் புரொடெக்ஷன்’. கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், சில தளம் பிசகும், பழகிவிடும். போனைத் தினமும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள், சில உளவு மென்பொருள் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும், அணைத்தால் போய்விடும்.

ஏதோ நடந்துவிட்டது என்று தோன்றினால்

டேட்டாவையும் வைஃபையையும் உடனே அணையுங்கள். சந்தேகப்படும் கோப்பை மற்றவருக்கு ‘இது என்ன பாரு’ என்று அனுப்பாதீர்கள், எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். வந்த எண், நேரம், கோப்பின் பெயர் எல்லாவற்றையும் வேறொரு போனால் படம் எடுத்து வையுங்கள். வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு வேறு கருவியிலிருந்து ஈமெயில் கடவுச்சொல், அதன்பிறகு மற்றவை. ஈமெயில் முதலில், ஏனென்றால் மற்றக் கடவுச்சொற்களைத் திரும்ப எடுக்கும் சாவி அதில்தான் இருக்கிறது. வட்ஸ்அப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பார்த்து, தெரியாததை வெளியேற்றுங்கள்.

ஏபிகே நிறுவிவிட்டீர்கள் என்றால் போனை சேஃப் மோடில் இயக்கி, அக்சசிபிலிட்டியிலும் டிவைஸ் அட்மினிலும் அதற்குக் கொடுத்த அனுமதியை எடுத்தபிறகு அழியுங்கள், பிறகு ஃபக்டரி ரீசெட். இணையப் பாதுகாப்பு முறைப்பாடுகளைப் பார்க்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். ரீசெட் செய்தபின் பழைய பக்கப்பில் இருந்து படங்களைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் செயலிகளை பக்கப்பிலிருந்து ஏற்றாமல் பிளே ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாகப் புதிதாகப் போடுங்கள், அதற்கும் முன்பு சிஸ்டம் அப்டேட்டை முழுக்க முடித்துவிடுங்கள்.